தூண்டில் தாங்கி

கடல் இங்கிருந்து லோரியில் முக்கால் மணி நேரம்.
என் படகு நிற்பது செம்பனை ஆலைக்குப் பின்னால்,
பழைய தராசுக் கொட்டகையில்,
டிரெய்லர் மேல், பாய்மரம் கழற்றி,
குலை ஏற்றிப் போகிறவன் எவனும்
ஒருமுறை ஹாரன் அடிக்காமல் தாண்டுவதில்லை.

இரவு ஷிப்டு முடித்த பாய்லர் ஃபிட்டர் நான்
முட்டி போட்டு டெக்கைத் தட்டுகிறேன்,
ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால்.
டக்.
டக்.
நல்ல இடம் பல் மாதிரிச் சொல்லும்.
டொப்.
அங்கே சாக்பீஸில் ஒரு கோடு.
டொப். டொப்.
பத்து மணிக்குள் கோடுகள் கூடி ஒரு தீவு ஆயிற்று,
ஒரு ஆள் கைகால் நீட்டிப் படுக்கும் அளவு.

"கமாருடின் ஏமாத்திட்டான்" என்றேன்.
மூன்று வருடமாக அதையே சொல்கிறேன்,
முதன்முதலாகக் காலடியில் டெக் அமுங்கிய நாளிலிருந்து.
லூமுட்டில் படகை விற்ற மனிதர்,
நேவியில் இருந்தவர்,
அழைத்தால் நான் எடுப்பதில்லை.
நோன்புப் பெருநாள் வாழ்த்துக்கும் பதில் போடவில்லை.

கிரைண்டர்.
மேல்தோலைச் சதுரமாக அறுத்து நெம்பினால்
மூடி திறந்த சம்பல் டப்பா போல ஒரு வாடை.
உள்ளே பால்சாக் கட்டை
பிழிந்தால் சொட்டியது.
கரண்டியால் அள்ளினேன், பிறகு கையால்.
கழுத்தில், முழங்கையில், இமையோரம்
கண்ணாடி நார் அரித்தது,
பவுடர் போட்டும் அரித்தது.

ஈரத்துக்கு நிறம் உண்டு.
ஓரத்தில் தேன்.
உள்ளே போகப் போகக் கட்டன் தேநீர்.
அதற்கும் உள்ளே பாய்லர்க் கரி.
கரியின் நடுவே எவன் ஓட்டை இருக்கிறதோ
அவன்தான் ஆள் என்று
சதுரத்துக்கு மேல் சதுரமாக அறுத்துப் போனேன்.

நான்கு ஸ்க்ரூ.

தூண்டில் தாங்கி.
தீபாவளிக்கு மறுநாள், பதினொரு வருடம் முன்பு,
நானே துளைத்தேன்.
சிலிக்கோன் டியூப் மூன்றாவது ஓட்டையோடு தீர்ந்தது.
நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று
நான்காவதை முறுக்கி இறுக்கிவிட்டு
மீன் பிடிக்கப் போனேன்.
ஒரு மீனும் மாட்டவில்லை. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆலையின் இரண்டு ஃபிளட்லைட்டை இரவல் வாங்கி
ஒன்பது நாள் காயவைத்தேன்.
இரவில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்து
காலையில் பார்ப்பேன், முத்து கோத்திருக்கிறதா என்று.
ஒன்பதாம் நாள் இல்லை.

முதல் கப் எப்பாக்சி நண்பகல் வெயிலில்
கையிலேயே கொதித்துப் புகைந்தது.
"கண் அளவா?" என்றாள் விமலேஸ்வரி,
எண்ணெய் சோதிக்கும் லேபிலிருந்து
குட்டித் தராசைத் தூக்கி வந்தாள்.
நூற்றுக்கு இருபது.
பொட்டுக்குமேல் ஒரு சொட்டு கூடக் கூடாது.
ஒன்பது மணி இரவில், அவள் அளக்க நான் பூச,
புதுக் கட்டையை இறக்கி, மேல்தோலைத் திரும்ப மூடி,
மேலே பதினான்கு மூட்டை உரம் அடுக்கினோம்.
ஒரு கொசு பிசினில் மாட்டிக்கொண்டது.
அதற்கும் இந்தப் படகில் இனி பங்கு உண்டு.

பெரிதாக நான்கு ஓட்டை போட்டேன்.
அடைத்தேன் முழுக்க.
அது கல்லான பின் அதற்குள் சின்னதாக நான்கு.
இனி தண்ணீர் வந்தாலும் கட்டையைத் தொடாது.
இவ்வளவுதான் வேலை. அன்றைக்கு அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

காலையில் மூட்டைகளை இறக்கித் தட்டினேன்.
டக்.

பிறகு போனை எடுத்தேன்.
மன்னிப்பு என்ற சொல் மலாயிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.
"அபாங், டெக் பெயிண்ட் நம்பர் என்ன?" என்றேன்.
இருமிவிட்டு, யோசிக்காமல் நம்பரைச் சொன்னார்.
கொஞ்ச நேரம் அங்கே காற்று மட்டும்.

"பாய்மரத்துக்கு அடியில் தட்டிப் பார்த்தாயா,
இடப்பக்கம்?" என்றார்.
"அது நான் போட்ட ஓட்டை.
அதைச் சொல்லத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்."

சாக்பீஸ் எங்கே வைத்தேன்?